பனி பிடிக்கிற கம்பி

பேரம் பேசிப் பழகியவனுக்கு "இல்லை" என்ற சொல் ஒன்றும் செய்யாது. அவனை ஆட்டிப் பார்ப்பது "ஓம்" என்ற சொல்தான். அதுவும் கேட்ட வாய் மூடுமுன் வந்து விழுகிற ஓம். இன்னும் இறக்கிக் கேட்டிருக்கலாமோ, சாமானில் ஏதும் பிழையோ, இவன் நாளைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடப்போகிறானோ என்று அவன் மண்டை அன்றிரவு முழுக்கக் கொதிக்கும்.

பத்மநாதனுக்கு அப்படியான ஓம் இரண்டு ஒரே மேசையில் கிடைத்தன. கொடுத்தவர் கோணேஸ்வரன். திருகோணமலைக்காரர். கனடாவில், ஸ்காபரோவில் வீடுகளுக்குக் கரண்டில் சூடு தரும் ஹீற்பம்பும் கூரைக்குச் சோலரும் பூட்டிக் கொடுக்கிற கொம்பனி ஒன்றைச் சொந்தமாக நடத்துகிறவர்.

பத்மநாதன் பிளாசாவில் புடைவைக்கடை வைத்திருந்தவர். கடையை விற்று ஓய்ந்த பிறகு பேரம் பேச ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் கிழடாகி, பனிக்காலம் வந்தால் பேஸ்மென்ற்றில் ஆரோ இரும்புக்கட்டிலை இழுப்பதுபோலச் சத்தம் போட்டது. சுடுதண்ணித் தாங்கியும் அதே வயது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுவோம் என்று கோணேஸ்வரனைக் கூப்பிட்டது இலையுதிர் காலத்தில்.

கோணேஸ்வரன் மொத்த விலையைச் சொன்னார். பத்மநாதன் ஒரு வார்த்தையும் பேசாமல் எழும்பினார். விலை கேட்டதும் எழும்பி வாசலுக்கு நடப்பது அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம். கடைக்காரன் பின்னால் ஓடிவருவான். ஆனால் இது அவருடைய சொந்த வீடு. அது நினைவுக்கு வந்தபோது ஜக்கற்றைப் போட்டு, ஒரு சப்பாத்துக்குள் காலையும் விட்டிருந்தார். திரும்பி வந்தால் மானம் போய்விடும். மற்றச் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்.

"அண்ணை, எங்க போறியள்?" என்றார் கோணேஸ்வரன். "உங்கட வீடுதானே. நான்தான் எழும்பிப் போகவேணும்."

"நீர் இரும். உம்மட விலையைக் கேட்டு எனக்கு மூச்சு முட்டுது. காத்து வாங்கப் போறன்."

குசினிக்குள் இருந்து மனைவி சந்திரவதனா சிரித்தது கேட்டது. முப்பத்தைந்து வருசமாக இந்த மனுசனோடு கடைகளுக்குப் போய், சனங்கள் திரும்பிப் பார்க்கக் கூனிக்குறுகி நின்றவ. கத்தரிக்காய் வாங்கினாலும் காசைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லி வருகிற பிறவி.

கோணேஸ்வரன் கொஞ்சம் இறங்கினார். பத்மநாதன் சப்பாத்தோடேயே வந்து மேசையில் இருந்தார். அடுத்த ஆயுதம்.

"மொத்தமாச் சொல்லாதையும். பிரிச்சுச் சொல்லும்."

பிரித்துச் சொல்ல வைத்தால் விளங்காத பெயர் ஏதாவது கட்டாயம் வரும். விளங்காததெல்லாம் ஏமாத்து, வெட்டு. இதுதான் கணக்கு. சுடுதண்ணி மெசின் வந்தது, தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு டக்ற் வந்தது.

"அதென்ன டக்ற்?"

"காத்துப் போற குழாய் அண்ணை. மெசின் குளிர்காத்து விடும். அதை வெளியில அனுப்பிறதுக்கு."

"சுடுதண்ணி மெசின் ஏன் காணும் குளிர்காத்து விடுது? நான் ஃபிரிட்ஜோ வாங்கிறன்?"

"அது அந்த அறையில இருக்கிற சூட்டை உறிஞ்சித்தான் தண்ணியைச் சூடாக்கும். கரண்ட் குறையச் செலவாகும். ஆனால் சூட்டை எடுத்தால் மிச்சம் குளிர்தானே அண்ணை."

"நல்ல கதை. வெட்டும்."

"ஓம்."

ஓம் என்றதும் பத்மநாதன் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார். ஆனாலும் வேகம் விடவில்லை. சோலர் பனெலுக்கு வந்தார்கள். அதிலும் விளங்காத பெயர் ஒன்று.

"ஸ்னோ கார்ட். பனி பிடிக்கிற கம்பி. பனெல் கண்ணாடி மாதிரி வழுக்கும் அண்ணை. கம்பி இல்லாட்டி கூரையில கிடக்கிற பனி முழுக்க ஒண்டாச் சறுக்கி வரும்."

"பனியைப் பிடிச்சு வைக்கிறதுக்கும் காசோ? நாங்கள் அதைத் தள்ளிறதுக்கெல்லோ ஆள் பிடிக்கிறம். தானா விழுகிறதை ஏன் மறிப்பான்? வெட்டும்."

"ஓம்."

சந்திரவதனா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டா. "அந்தத் தாங்கி அறை முந்தின மாதிரிச் சூடாத்தான் இருக்குமோ?"

"வீடு முழுக்கச் சூடு வரப்போகுது," என்றார் பத்மநாதன். "நீ அறையைப் பற்றிக் கதைக்கிறாய்."

அவ கேட்டதில் காரணம் இருந்தது. சந்திரவதனாவின் அப்பத்துக்கு அந்த அறைதான் உயிர். பழைய ஃபேர்னஸும் தாங்கியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எந்தக் குளிரிலும் அறையைக் கதகதப்பாக வைத்திருக்கும். அப்பமாவைக் கரைத்து, பெரிய அலுமினியச் சட்டியில் ஊற்றி, பழைய சாரத்துணியால் மூடி அங்கே வைத்துவிட்டால் விடிய மா பொங்கிச் சட்டியின் கழுத்துக்கு வந்திருக்கும். மூடியைத் திறந்தால் மெல்லிய சத்தம் கேட்கும். மாவின் மேலே காற்றுக்குமிழ் முட்டை முட்டையாய் வந்து உடைகிற சத்தம். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவ முகம் கழுவப் போவா.

கடை விற்றபிறகு புருசன் சோபாவில் இருந்தார், அவ அடுப்படியில் நின்றா. ஒருவருக்கு ஒருவர் சொல்லி, பிறந்தநாள், செத்தவீடு என்று அப்பத்துக்கு ஆட்கள் தேடிவரத் தொடங்கினார்கள். தை மாதத்தில் பெரிய ஓடர் ஒன்று வந்தது. ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிய நிலாணி என்ற பிள்ளையின் குடிபூரல். எழுபது பேர். சனிக்கிழமை பின்னேரம் அங்கேயே நின்று சுடச்சுட அப்பம் சுட்டுக் கொடுக்க வேண்டும்.

"அன்ரி, ராஜரட்ணம் அங்கிளும் வாறார்," என்றாள் நிலாணி போனில். "அவருக்கு மார்க்கம் ரவுனில கலியாண ஹோல் இருக்குத்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பம் சுட ஆள் தேடுறார். உங்களைப் பற்றிச் சொல்லி வைச்சிருக்கிறன். சாப்பிட்டுப் பாக்கட்டும்."

சந்திரவதனா போனை வைத்துவிட்டு, கழுவியிருந்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினா. தன் பெயரில் ஒரு தொழில் இருக்கும் என்ற நினைப்பு அவவுக்கு அதுவரை வந்ததில்லை. வந்தபிறகு அது போகவும் இல்லை.

ஹீற்பம்பும் சோலரும் இலையுதிர் காலத்திலேயே பூட்டியாயிற்று. பழைய ஃபேர்னஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய தாங்கியின் சூட்டில் அறை சமாளித்துக்கொண்டது. சுடுதண்ணி மெசின் மட்டும் வரப் பிந்தி, குடிபூரலுக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமைதான் பூட்டினார்கள். உயரமாய், வெள்ளையாய், தலையில் மின்விசிறியோடு நின்றது. சந்திரவதனா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல இரண்டு சட்டி மாவை அதன் பக்கத்தில் வைத்து, சாரத்தால் மூடி, சூடு வெளியே போகாமல் கதவையும் இறுக்கிச் சாத்தினா. அன்றிரவு அந்தப் பனிக்காலத்தின் முதல் பெரிய பனி கொட்டியது.

காலையில் பத்மநாதன் பல்லு விளக்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து குரல் வந்தது.

"இஞ்சேரப்பா. ஒருக்கா வாங்கோ."

குரலில் கோபம் இல்லை. அழுகையும் இல்லை. ஒன்றுமில்லாத குரல். பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே இறங்கினார்.

அறைக்கதவு திறந்து கிடந்தது. வாசலில் கால் வைத்ததும் தமிழ்க்கடைகளில் மீன் வைக்கிற குளிர் அறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது. மெசின் திருப்தியாக முனகிக்கொண்டு நின்றது. அதன் தலையிலிருந்து வந்த காற்று நேரே சட்டிகளின்மேல் அடித்தது. இரவிரவாகத் தாங்கி நிறையப் புதுத்தண்ணியைக் கொதிக்க வைப்பதற்காக அந்தச் சின்ன அறையில் இருந்த சூட்டையெல்லாம் துடைத்து எடுத்திருந்தது.

சந்திரவதனா சாரத்தை நீக்கிக் காட்டினா. மா ஊற்றினபடியே கிடந்தது. ஒரு முட்டை இல்லை. சத்தம் இல்லை. வெள்ளைச் சுவரைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது.

"இது என்ன மெசின்?" என்று கேட்டா.

"சுடுதண்ணி மெசின்."

"அப்ப ஏன் என்ர கை விறைக்குது?"

பத்மநாதன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். நான் ஃபிரிட்ஜோ வாங்கிறன் என்று அந்த மேசையில் கேட்டது நினைவுக்கு வந்தது. சந்திரவதனா படியில் இருந்துவிட்டா. அவவின் முகத்தைப் பார்க்க முடியாமல் சட்டியைப் பார்த்தார். சட்டியையும் பார்க்க முடியவில்லை.

வீட்டைச் சூடாக்கலாம் என்றால் ஹீற்பம்ப் நிதானமான சாமான், பின்னேரத்துக்குள் மா பொங்குகிற சூட்டைத் தராது. ஓவனுக்குள் அந்தச் சட்டிகள் போகாது. கடைசியில் சந்திரவதனாவே எழும்பினா.

"காருக்குள்ள வையுங்கோ. ஹீற்றரை முழுக்கத் திறந்துவிடுங்கோ."

பின்சீற்றில் சட்டிகளை வைத்து, சீற் பெல்ற்றையும் மாட்டினார்கள். கார் வீட்டுக்கு முன்னால் ட்றைவ்வேயில், கராஜ் கதவை ஒட்டி நின்றது. நேர் மேலே தெற்குப் பார்த்த கூரை. பனெல்கள் அங்கேதான் இருந்தன. அவற்றின்மேல் மெத்தை விரித்ததுபோல முழங்கால் உயரப் பனி. வானம் துடைத்துவிட்டதுபோல நீலமாய் இருந்தது. வெய்யில் நல்லாய் அடித்தது.

பத்மநாதன் மாவுக்குக் காவலாய் முன்சீற்றில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜக்கற்றைக் கழற்றினார். பிறகு சுவெற்றரை. பிறகு சேர்ட்டை. தெருவில் நாயோடு போன ஒரு வெள்ளைக்கார மனுசி, பனிக்குள் நின்ற காருக்குள் பனியனோடு வேர்த்து வழிந்துகொண்டிருந்தவரைப் பார்த்து நாயின் கயிற்றைக் கிட்ட இழுத்துக்கொண்டா.

இரண்டு மணித்தியாலம் கழித்துச் சந்திரவதனா தேத்தண்ணி கொண்டுவந்தா. சாரதி ஜன்னலடியில் நின்று, "கேக்குதோ?" என்றா.

பின்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார். "இன்னும் இல்லை."

"கிளறிப் பாக்காதையுங்கோ. நீங்கள் எல்லாத்திலயும் கை வைக்கிற ஆள்." சொல்லிவிட்டு அதே இடத்தில் நின்று மாவை எட்டி எட்டிப் பார்த்தா. பிறகு தேங்காய்ப்பால் எடுக்க உள்ளே போனா.

தேத்தண்ணி பாதி முடிந்தபோது பின்சீற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிக மெதுவாக, ஒரு முட்டை உடைந்தது. பிறகு இன்னொன்று. பத்மநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. உயிர் வந்ததும் வாயும் வந்தது. போனை எடுத்துக் கோணேஸ்வரனை அழைத்தார்.

"என்ன காணும் உம்மட மெசின்? அறை முழுக்க ஐஸ். மனுசியின்ர மா செத்துப் போச்சு."

காரின் ஸ்பீக்கரில் கோணேஸ்வரனின் குரல் நித்திரை கலையாமல் வந்தது. "டக்ற் போட்டிருந்தால் வெளியில போயிருக்கும் அண்ணை. நான் சொன்னனான்தானே."

"சொன்னனீர். பிறகு ஏன் ஓம் எண்டனீர்? வெட்டக் கூடாது எண்டு பிடிச்சு நிண்டிருக்க வேண்டாமோ?"

"நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டெல்லோ இருந்தியள். நான் என்ன செய்ய?"

"சப்பாத்துக் கதையை விடும். இப்ப நான் காருக்குள்ள இருந்து மா புளிக்க வைக்கிறன். தெரியுமோ உமக்கு?"

"கார் எங்க நிக்குது அண்ணை?"

"ட்றைவ்வேயில."

"கராஜுக்குக் கிட்டவோ?"

"ஒட்டி நிக்குது. நல்ல வெய்யில் படுது."

"வெய்யிலோ?" கோணேஸ்வரனின் குரலில் இருந்த நித்திரை போய்விட்டது. "அண்ணை, பனெலில பனி கிடக்குதோ? ஒண்டும் யோசியாதையுங்கோ, காரை உடன பின்னால —"

முதலில் ஒரு உரசல் கேட்டது. பெரிய கடை ஒன்றின் ஷட்டரை ஆரோ இழுத்துவிடுவதுபோல. பத்மநாதன் அண்ணாந்து பார்த்தார். நீலம் போய் வெள்ளை வந்தது. பிறகு வெள்ளையும் போயிற்று.

கார் ஒரு முறை குனிந்து எழும்பியது. கூரைத் தகடு கீழே வந்து அவருடைய தலைமயிரைத் தொட்டுக்கொண்டு நின்றது. முன்கண்ணாடி ஒரு சத்தத்தோடு சிலந்திவலையாகியது. எல்லாப் பக்கமும் இருட்டு. நீலம் கலந்த, பால்போன்ற இருட்டு. தேத்தண்ணிக் கோப்பை கையில் அப்படியே இருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. அது ஏன் சிந்தவில்லை என்று மட்டும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை. அண்ணை, கேக்குதோ? எஞ்சினை நிப்பாட்டுங்கோ. புகை போற குழாயைப் பனி மூடியிருக்கும். புகை உள்ள வந்திடும். நிப்பாட்டுங்கோ."

கை தானாகப் போய் நிறுத்தியது. போனும் அடங்கிவிட்டது. அப்படியொரு அமைதியை அவர் கனடாவில் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் பின்சீற்றில் மாவின் முட்டைகள் உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இன்னொன்று, பிறகு கூட்டமாக.

அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தார். சாரதிப் பக்கத்து ஜன்னல். அந்தப் பக்கம்தான் பனி கூடுதலாக விழுந்து, கல்லுப்போல இறுகி நின்றது. சந்திரவதனா நின்ற இடம். தேத்தண்ணி இன்னும் சுடுகிறது. அவ்வளவு நேரந்தான் ஆகியிருந்தது.

விழுகிறதை ஏன் மறிப்பான் என்று கேட்ட அதே வாயால் "சந்திரா," என்று கூப்பிட்டார். வெளியே ஒரு பதிலும் இல்லை. உள்ளே போனவ திரும்பி வந்திருந்தால்? மா எப்படி என்று பார்க்க இன்னொரு தடவை வந்திருந்தால்? கதவைத் தள்ளினார். அசையவில்லை. தோளால் இடித்தார். கோப்பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியை அடித்தார்.

வெளியே ஏதோ சுரண்டியது. சுரண்டல் கிட்ட வந்தது. கண்ணாடியில் ஒரு சின்ன ஓட்டை வெளிச்சம். அதில் ஒரு கை. ஒரு சட்டிமூடி. பிறகு சந்திரவதனாவின் முகம், வேர்த்து, மயிரெல்லாம் பனியோடு.

அவ ஓட்டைக்குள்ளால் பின்சீற்றை எட்டிப் பார்த்தா.

"மா இருக்கோ?" என்றா அவ.

"நான் இருக்கிறன்."

"அது தெரியுது. மா?"

"பொங்கிக்கொண்டு நிக்குது."

அவ தலையாட்டிவிட்டு மறுபடி மூடியால் தோண்டத் தொடங்கினா. கதவு திறக்கும் அளவுக்குப் பனி விலகியபோதுதான் அவர் கீழே பார்த்தார். வீட்டுச் செருப்போடு ஓடி வந்திருந்தா. ஒரு காலில் அதுவும் இல்லை.

கோணேஸ்வரன் வானோடு வந்தபோது இருவரும் வாசற்படியில் இருந்தார்கள். நடுவில் இரண்டு சட்டி. ஒன்றின் மூடியைத் தள்ளிக்கொண்டு மா வழிந்திருந்தது. சந்திரவதனாவின் கால்களைப் பத்மநாதன் தன் சுவெற்றரால் சுற்றி மடியில் வைத்திருந்தார். கோணேஸ்வரன் காரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"ஸ்ரௌவ்வில்லுக்கு நான் கொண்டுபோய் விடுறன்," என்றார்.

மார்க்கம் றோட்டில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது கோணேஸ்வரன் மெல்லத் தொடங்கினார்.

"அண்ணை, அந்தக் கம்பியும் டக்ற்றும்..."

"போடும்."

"விலை வந்து —"

"கேக்கேல்ல. போடும்."

கோணேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். விளக்கு பச்சையானது தெரியவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ண் அடித்தான்.

"அண்ணை, தலையில ஏதும் பட்டதோ? ஆஸ்பத்திரிக்குப் போவமோ?"

நிலாணியின் கராஜில் அடுப்புகளை வைத்து, கதவை அரைவாசி திறந்துவிட்டு, சந்திரவதனா அப்பம் சுட்டா. கரை மொறுமொறுப்பாய், நடு பஞ்சாய் வந்தது. காருக்குள் பொங்கிய மா என்று ஒருவருக்கும் தெரியாது. ராஜரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையோடு அடுப்படியிலேயே நின்றுவிட்டார். பால் அப்பம், முட்டை அப்பம், பிறகு எண்ணாமல்.

"தங்கச்சி, ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கட ஹோலுக்கு வாங்கோவன். என்ன கேக்கிறியள்?"

சந்திரவதனா ஒரு தொகை சொன்னா. ராஜரட்ணம் கோப்பையை வைத்தார்.

"மொத்தமாச் சொல்லாதையுங்கோ. பிரிச்சுச் சொல்லுங்கோ."

மூலையில் சப்பாத்தும் கழற்றாமல் நின்ற பத்மநாதனின் முதுகுக்குள் பனி இறங்கியது.

"உதவிக்கு ஒரு ஆள்," என்றா சந்திரவதனா. "மற்றது, முதல்நாள் இரவு மா வைக்க ஹோலில ஒரு சூடான அறை. இரவு முழுக்கச் சூடு நிக்கவேணும்."

"மா வைக்க அறையோ?" ராஜரட்ணம் சிரித்தார். "மா எங்கயும் கிடக்கும்தானே. இரவிரவா ஹீற்றருக்கு ஆர் காசு கட்டுறது? அதை வெட்டுவம். மிச்சம் சரி."

சந்திரவதனாவின் முகத்தைப் பத்மநாதன் பார்த்தார். இவ்வளவு கிட்ட வந்ததை விட மனமில்லாத முகம். உதடு குவிந்தது. ஓம் வரப்போகிறது. அந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த ஊரில் அவருக்குத்தான் தெரியும்.

"அதை வெட்டேலாது," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். ராஜரட்ணத்துக்கு அவரைப் புடைவைக்கடைக் காலத்திலிருந்தே தெரியும். மகளின் கூறைச்சேலைக்கு இவரோடு ஒரு பின்னேரம் முழுக்க மல்லுக்கட்டியவர்.

"பத்மநாதன் அண்ணை, நீங்களோ வெட்டேலாது எண்டு சொல்லுறது?"

"அறை வேணும். அவ சொன்னதுதான் விலை. ஒரு சதம் குறையாது. விருப்பமில்லாட்டி விடுங்கோ." சொல்லும்போதே தன் வாயிலிருந்து வருவது ஆருடைய குரல் என்று அவருக்கே பயமாய் இருந்தது.

ராஜரட்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சந்திரவதனாவைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "வாற சனிக்கிழமையே தொடங்குவம்."

சந்திரவதனா அகப்பையை ஒரு கணம் நெஞ்சோடு வைத்துக்கொண்டா. அடுப்பில் இருந்த அப்பத்தின் கரை கருகியது. அதை அவ கவனிக்கவில்லை. அப்படி ஒரு அப்பத்தை அவ கருக விட்டதைப் பத்மநாதன் கண்டதில்லை.

திரும்பி வரும்போது வானுக்குள் வெறுஞ்சட்டிகள் கலகலத்தன. சந்திரவதனா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தா. பத்மநாதன் கடந்துபோன ஒவ்வொரு கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுத் தெருவுக்குள் திரும்பியதும் கோணேஸ்வரனின் தோளைத் தொட்டார்.

"இஞ்சயே நிப்பாட்டும். கூரைக்குக் கிட்டப் போகாதையும்."

வான் நடுத்தெருவில் நின்றது. பத்மநாதன் இறங்கவில்லை. சந்திரவதனாவின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சந்திரா, அந்த ராஜரட்ணம் ஏன் உடன ஓம் எண்டவன்?"

சந்திரவதனா கண்ணைத் திறக்கவில்லை. "நீங்கள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டியள்," என்றா.